இடப்பக்கத்துப் பெஞ்சு

பாதத்தில் இருந்துதான் தொடங்க வேண்டும் என்று பெனிட்டா சொல்லியிருந்தாள். அதனால் செண்பகவல்லி கண்ணை மூடிக்கொண்டு முதலில் வலது பாதத்தைக் கூப்பிட்டாள். ஐந்தருவியில் பெண்கள் பக்கத்து வரிசை நகராமல் நின்றது. முன்னால் நின்றவளின் தலையில் இருந்து நல்லெண்ணெய் வாசமும், பின்னால் நின்ற மெஹராஜ் மென்றுகொண்டிருந்த ஏலக்காயின் வாசமும் வந்தன. பாதத்துக்கு அடியில் பாறை சில்லென்று இருந்தது. பாறைக்கும் பாதத்துக்கும் நடுவில் மெல்லிசாகத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அதில் ஒரு மணல் பொடி உருண்டு வந்து சுண்டுவிரலில் முட்டி, கொஞ்சம் யோசித்து, சுற்றிக்கொண்டு போனது. உள்ளேன் அம்மா என்றது வலது பாதம். இடது பாதம் தாமதமாகச் சொன்னது. மருந்து ஏறிய நாட்களில் இரண்டு பாதமும் பஞ்சுப்பொதி மேல் நிற்கிற மாதிரி மரத்துக் கிடந்தன, இடது பாதத்தில் அது இன்னும் மிச்சம் இருக்கிறது. முழங்கால்கள் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போல ஒரே குரலில் சொல்லின. இடுப்பு சொன்னது. வயிறு, தென்காசி ரோட்டுக் கடையில் தின்ற இட்லியின் சூட்டோடு சொன்னது. உடம்புக்கு வருகைப் பதிவு எடுக்கணும்மா என்பாள் பெனிட்டா. அவள் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் ஆலோசகர், செண்பகவல்லியின் மகள் இந்துமதியைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவளாக இருந்தால் அதிகம். வைத்தியம் முடிந்த பெண்களை வேனில் ஏற்றி சாரல் காலத்தில் குற்றாலத்துக்குக் கூட்டிவந்து சில நாள் தங்கவைப்பது அவளுடைய ஏற்பாடு. ‘இத்தனை நாளா உங்க உடம்ப நாங்க வாங்கி வச்சிருந்தோம். இப்பத் திருப்பிக் குடுக்கணும்லா. அதுக்கு ஆஸ்பத்திரிக் கட்டடத்துல இடம் பத்தாது’ என்று வேனில் ஏறும்போது சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். செண்பகவல்லியும் சிரித்தாள். ஆனால் திருப்பிக் கொடுக்கிறவர்கள் வாங்கியதை எல்லாம் கொடுப்பதில்லை என்று அவளுக்குத் தெரியும். வலது கை சொன்னது. வலது தோள் சொன்னது. அங்கிருந்து அவள் கழுத்து வழியாக ஏறி இறங்கி நேரே இடது மணிக்கட்டுக்குப் போனாள், டி.சி. வாங்கிக்கொண்டு போன பிள்ளையின் பெயரைத் தாண்டி அடுத்த பெயருக்குப் போகிற டீச்சர் மாதிரி. அந்தப் பெஞ்சு காலி. இடப்பக்கத்துப் பெஞ்சு. அறுவை முடிந்து வந்த நாளில் இருந்து அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. குளிக்கும்போது கூரையைப் பார்ப்பாள். உடுத்தும்போது சுவரைப் பார்ப்பாள். எதிர்வீட்டுப் பிள்ளைக்குச் சட்டை மாட்டிவிடுவது போல அவசரமாக, யாருடையதோ போல, விரல் அதிகம் படாமல் மாட்டிக்கொள்வாள். இடது மணிக்கட்டே, என்று கூப்பிட வாயெடுத்த அந்த நேரத்தில், காலியான பெஞ்சில் இருந்து யாரோ கையைத் தூக்கினார்கள்.

தூக்கியது ரொம்பச் சின்னக் கை. ஊசி நுனியைவிடச் சின்னது. ஒரு குறுகுறுப்பு. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இல்லை, ஒன்றுமில்லை, காற்று. மேலே பாறையில் இருந்து சாரல் பறந்து வந்து முகத்தில் பூப்போல விழுந்தது, அதுதான். ஆனால் சாரல் முகத்தில் விழுந்தது, இது உள்ளே. மறுபடியும். இந்தத் தடவை இரண்டு இடத்தில், தையல் தழும்பு இருக்கிற கோட்டுக்குக் கொஞ்சம் மேலே. செத்த இடம் அது. டாக்டர் சொல்லியிருந்தார், அங்கே நரம்பு அறுந்திருக்கும், தொட்டால் தெரியாது. சிலருக்கு மெதுவாகத் திரும்பும், திரும்பினால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், திரும்பாமலும் போகலாம். எறும்பு. இது எறும்பா? எறும்பு என்றால் ஊர வேண்டும், இது ஊரவில்லை, ஒரே இடத்தில் நின்று குத்துகிறது. எறும்பு நிற்காதா? சீனி கிடந்தால் நிற்கும். அவளுக்குச் சர்க்கரை வியாதியும் இல்லை. என்ன நினைப்பு இது. வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் இருந்த அந்த அம்மாவுக்கும் மறுபடி இப்படித்தான் ஆரம்பித்தது. வெள்ளூர்க்காரி, நல்ல சிவப்பு, எல்லாருக்கும் ஆரஞ்சு உரித்துக் கொடுப்பாள். எல்லாம் முடிஞ்சு வீட்டுக்குப் போயிட்டேன்மா, ஒரு நாள் தழும்புல சும்மா அரிச்சுது, வேர்க்குருன்னு பவுடர் போட்டேன் என்று சொல்லிக்கொண்டே ஆரஞ்சுச் சுளையின் நாரை ஒவ்வொன்றாக எடுத்தாள். சும்மா அரிச்சுது. அந்த ரெண்டு வார்த்தை அன்றைக்கு ஆரஞ்சு வாசத்தோடு செண்பகவல்லியின் காதுக்குள் போய் உட்கார்ந்தது, இப்போது எழுந்து நிற்கிறது. ஆரஞ்சு வாசம்கூட வருகிறது. இல்லை, அது நிஜ வாசம், கீழே படிக்கட்டில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் விற்கிற கடைகள். பழ வாசத்தை எல்லாம் மூக்கு அந்த வார்டுக்கே கொண்டுபோகிறது.

“எக்கா, நின்னுக்கிட்டே உறங்குதீகளா?” மெஹராஜ் முதுகில் ஒரு விரலால் தட்டினாள். கடையநல்லூர்க்காரி. இவளுக்கும் அதே வைத்தியம், வலப்பக்கம். “வரிசை ரெண்டு அடி நகந்துட்டு. அந்த மஞ்ச நைட்டி ஊடால நொழையப் பாக்கா. விட்டுராதீக.”

செண்பகவல்லி இரண்டு அடி நகர்ந்தாள். “கண்ண மூடி வருகைப் பதிவு எடுத்தேம்ட்டி.”

“எனக்கு எல்லாம் ஆஜர். வாயி மட்டும் கூப்பிடாமலே உள்ளேன் உள்ளேன்னு சொல்லுது.” மெஹராஜ் குரலைத் தாழ்த்தினாள். “நீங்க உள்ள என்ன வச்சிருக்கீக? நான் எங்க மச்சானோட பழைய பனியனச் சுருட்டி வச்சிருக்கேன். கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவுக எனக்கு இம்புட்டுக் கிட்டத்துல இருந்ததே இல்ல.”

முன்னால் நின்ற நல்லெண்ணெய்த் தலை திரும்பிப் பார்த்தது. செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபோது நெஞ்சு குலுங்கியது, குலுங்கியதும் அங்கே மறுபடி குத்தியது. சிரிப்பு பாதியில் நின்றது.

“கடுகு” என்றாள்.

“கடுகா? தாளிக்கவா?”

கடுகுதான். வேறு எதை வைத்தாலும் எடை வரவில்லை. பஞ்சு வைத்தால் மேலே ஏறிக் கழுத்துக்கு வருகிறது, ஆஸ்பத்திரியில் விற்கிற ரப்பர் வெயிலுக்குத் தோலைப் புண்ணாக்கிவிடுகிறது. கோவில்பட்டியில் எந்தத் தெருவில் பிள்ளை பிறந்தாலும் கடுகுத் தலையணைக்குச் செண்பகவல்லியிடம்தான் வருவார்கள். பச்சைப்பிள்ளையின் தலை ஒரு பக்கம் சப்பையாகாமல் உருண்டையாக வர, மெல்லிசான மல் துணியில் கடுகைக் கொட்டி, தலை படுகிற இடத்தில் பள்ளமும் ஓரத்தில் மேடும் விழுகிற மாதிரி தைக்க வேண்டும். இறுக்கமாகவும் கூடாது, தொளதொளவென்றும் கூடாது. கடுகு தண்ணீர் மாதிரி. பிள்ளை திரும்பினால் அதுவும் திரும்பும். இந்துமதிக்கு ஏழாம் மாதம் வளையல் அடுக்கியபோது, பிறக்கப்போகிற பிள்ளைக்கு என்று புதுக்கடுகு வாங்கினாள். தட்டில் பரப்பி, கல் தூசு பொறுக்கி, தலையணையைத் தைத்து முடித்து, மீந்த கடுகைக் கையில் அள்ளியபோது உள்ளங்கையில் அது உட்கார்ந்த விதம், அந்தக் கனம், அவளுக்கு எதையோ ஞாபகப்படுத்தியது. அன்றைக்கே கதவைச் சாத்திக்கொண்டு மல் துணியில் சின்னதாக இரண்டு மூட்டை தைத்து, இரண்டு உள்பாடியின் உள்பக்கத்தில் பை வைத்து அதற்குள் போட்டாள். ஊரில் எத்தனை பெண்களுக்கு அளவெடுத்திருக்கிறாள். டேப்பைச் சுற்றிய மாத்திரத்தில் எவள் உண்டாகியிருக்கிறாள், எவள் சாப்பிடாமல் கிடக்கிறாள் என்று அவள் விரலுக்குத் தெரிந்துவிடும். தனக்கு மட்டும் பழைய அளவு ஜாக்கெட்டைப் பார்த்துத் தைத்தாள், டேப்பை எடுக்கவில்லை. அவள் புருஷன் சுடலைமுத்து கட்டிலில் இடம் மாறிப் படுத்துக்கொண்டார். உறக்கத்துல கை பட்டு வலிச்சிரக் கூடாதுல்லா என்றார். வலிக்காது, அங்கே ஒன்றும் தெரியாது என்று அவள் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. கை பட்டால்கூடத் தெரியாது என்று ஒரு மனுஷனிடம் எப்படிச் சொல்வது. பிள்ளையை இடப்பக்கம்தான் போட்டுக்கொள்வார்கள், இருதயம் துடிக்கிற பக்கம். இந்துமதியை அந்தப் பக்கம்தான் போட்டு வளர்த்தாள். வாயில் பால் ஒழுக உறங்கிப்போன பிள்ளையின் கன்னத்துச் சூடு அங்கே ஒரு வட்டமாக இருக்கும், எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். இனிமேல் அந்தப் பக்கம் போட்டால் பிள்ளை இருக்கிறதா, நழுவிவிட்டதா என்றே தெரியாமல் போகுமோ. கல்லின் மேல் ஒரு பிள்ளையைப் படுக்கப்போட்ட மாதிரி. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது, இந்தக் குறுகுறுப்புக்கு முன்னால் வரை. இப்போது பயம் இடம் மாறிப் படுத்துக்கொண்டது. அங்கே ஏதோ வளர்கிறது. அப்படித்தான் அவர்கள் சொல்வார்கள், ஆஸ்பத்திரியில், படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, கண்ணைப் பார்க்காமல்: திரும்ப ஏதோ வளருதும்மா.

திங்கட்கிழமை பரிசோதனை. போகாவிட்டால்? ஜலதோஷம், பஸ் இல்லை, ஏதாவது சொல்லலாம். பிரசவம் வரைக்கும் தள்ளிவிட்டால் போதும். இந்துமதி பெற்றுப் பிழைத்து எழட்டும், தொட்டில் கட்டட்டும், பேர் வைக்கட்டும், அதுவரைக்கும் இது யாருக்கும் தெரிய வேண்டாம், வேர்க்குரு என்று பவுடர் போட்டுக்கொள்ளலாம். பவுடர். செண்பகவல்லி நிமிர்ந்தாள். அந்த வெள்ளூர்க்காரியும் இப்படித்தான் எதற்காகவோ தள்ளிப்போட்டிருப்பாள். மகளுக்கு ஒரு கல்யாணம், மகனுக்கு ஒரு பரீட்சை. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை, நார் எடுத்த சுளையை மட்டும் நீட்டினாள். எதிரே அருவி விழுந்துகொண்டிருந்தது. விழுகிற இடத்தைப் பார்த்தால் வேகமாக இருந்தது, மேலே பாறை விளிம்பைப் பார்த்தால் மெதுவாக இருந்தது; தண்ணீர் அங்கே வந்து நின்று, கீழே எட்டிப் பார்த்து, பிறகு சம்மதித்து விழுவது போல. அதையே பார்த்தால் பாறை மேலே ஏறியது, மரங்கள் ஏறின, தானும் ஏறுவதாக இருந்தது, பாதம் கல்லில் இருந்து விட்டுப்போய் மேகத்துக்குள் நைட்டியோடு மிதப்பதாக. மேகம் உண்மையிலேயே இறங்கித்தான் வந்தது. மஞ்சள் நைட்டிக்காரி அதில் பாதி மறைந்தாள். ஒரு குரங்கு கம்பியில் உட்கார்ந்து தன் குட்டியின் தலையில் பேன் பார்த்தது. குட்டி அதன் இடது பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் இடது பக்கம். பெண் போலீஸ் விசில் ஊதினாள். “குளிச்சவங்க வெளிய வாங்கம்மா! தண்ணி எங்கயும் ஓடிராது, நாளைக்கும் விழும்! வாங்க, வாங்க!”

வரிசையை ஒட்டி பெனிட்டா வந்தாள். தலையில் துண்டு கட்டி, கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு, ஒவ்வொருத்தியிடமும் நின்று நின்று வந்தாள். “செண்பகம்மா, எதுவரைக்கும் வந்தீங்க?”

“தோள் வரைக்கும்.”

“அடுத்து?”

“கை.”

பெனிட்டா தலைத்துண்டை இறுக்கிக்கொண்டாள். தினமும் இதே பதில்தான். தோளுக்கும் கைக்கும் நடுவில் விட்டுப்போனது அவளுக்குத் தெரியும், தெரியும் என்பது செண்பகவல்லிக்கும் தெரியும். சொல்லிவிடலாம். ஒரே வார்த்தை, அரிக்குது. வாய் திறந்தது. சொன்னால் இந்தப் பிள்ளையின் முகம் மாறும், பதறாமல் இருக்கப் பழகிய முகம், ஆனாலும் ஒரு நொடி மாறும், அந்த ஒரு நொடியைத் தாங்க முடியாது.

“தண்ணி குளுருமோ?” என்று கேட்டாள், வந்த நாளில் இருந்து அருவிக்குள் இறங்காதவள்.

“குளுரும். முதல்ல கத்துவீங்க. பொறவு வெளிய வர மாட்டீங்க.” பெனிட்டா சிரித்துவிட்டு அடுத்தவளிடம் போனாள்.

அந்தச் சிரிப்பு விலகியதும் அது மறுபடி வந்தது, இப்போது நாலைந்து இடத்தில், பல் முளைக்காத வாய் கவ்வுகிற மாதிரி. தாங்க முடியவில்லை. பார்த்துவிட வேண்டும். பார்க்காமல் இருப்பதற்கு இத்தனை மாதம் பழகியவள், பார்க்காமல் இனி ஒரு நிமிஷம் நிற்க முடியாது என்று ஆனது. “மெஹராஜ், இடத்தப் பாத்துக்கோட்டி, இந்தா வந்திருதேன்” என்று சொல்லிவிட்டு, பாறையில் வழுக்காமல் விரல்களை ஊன்றி ஊன்றி உடை மாற்றுகிற அறைக்குப் போனாள்.

அறைக்குள் ஈரத்துணி வாசமும் ஓட்டைக் கூரையில் இருந்து ஒரு வெளிச்சப் பட்டையும் இருந்தன. தாழ்ப்பாளைப் போட்டாள். கண் தானாகச் சுவருக்குப் போனது. இல்லை, கீழே. கீழே பார். நைட்டியின் பித்தானைக் கழற்றினாள். உள்பாடி ஈரமாக இருந்தது. வந்த அன்றைக்குச் சாரலில் நனைந்தது அது. லாட்ஜ் மாடியில் எல்லாருடைய துணியும் காய்ந்த கொடியில் அதை மட்டும் காயப்போட வெட்கப்பட்டு, துண்டில் சுற்றிப் பையின் அடியில் திணித்து வைத்திருந்தாள். நேற்று மற்றதும் நனைந்துவிட்டது. விடிகாலையில் கரண்டு இல்லை, இருட்டில் எது கைக்கு வந்ததோ அதை எடுத்து, வழக்கம்போல் சுவரைப் பார்த்தபடி மாட்டிக்கொண்டு வந்தாள். இப்போது அதை விலக்கினாள். உள்பையில் இருந்து மூட்டை கனத்து வெளியே சரிந்தது. மல் துணியின் மேல் வெள்ளை வெள்ளையாக நூல் நுனிகள் நீட்டிக்கொண்டிருந்தன. எவ தச்சா இத, பிசிறு வெட்டாம, என்று முதலில் அவளுடைய தையற்காரி மனம் கோபப்பட்டது. ஒரு நூலைப் பிடித்து இழுத்தாள். அது நூல் இல்லை. துணியின் இழையை விலக்கிக்கொண்டு ஒரு கடுகு, தோல் கிழிந்து, வெளியே வந்தது. ஒரு முனையில் வேர். மறுமுனையில், வெளிச்சமே காணாததால் மஞ்சளாக, கைகூப்பிய மாதிரி ஒட்டிக்கிடந்த இரண்டு இலை.

அவள் அதை விரல் நுனியில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். அங்கே ஏதோ வளர்ந்தது உண்மைதான். சாரல் தண்ணீரும் துண்டின் புழுக்கமும் பிறகு அவள் உடம்புச் சூடும் போதும் என்று அதுபாட்டுக்கு வளர்ந்திருக்கிறது, பேரப்பிள்ளையின் தலைக்கு வாங்கிய கடுகு. அவள் நெஞ்சைக் குனிந்து பார்த்தாள், இந்தத் தடவை யாரும் சொல்லாமலே. அக்குளில் இருந்து நடுநெஞ்சுவரை ஒரு கோடு. தையல் நேராக இருந்தது. நல்ல கை, என்று நினைத்துக்கொண்டாள், எவன் தைத்தானோ, கோணல் இல்லை, சுருக்கம் இல்லை. கோட்டுக்கு மேலே சிவப்பாகச் சின்னப் புள்ளிகள். ஒரு வேர் அறுந்து இன்னும் தோலில் ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிடப் போன விரல் பாதியில் நின்றது. தலைமுடியைவிட மெல்லிசு இது. இதுவா குத்தியது? இவ்வளவு மெல்லிய ஒன்று தொட்டதா அங்கே தெரிந்தது? அருவி இரைச்சல் ஒரு நொடி எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வந்தது. டாக்டர் சுண்டிப் பார்த்தார், குண்டூசியால் குத்திப் பார்த்தார், தெரியுதா என்றார், இல்லை, தெரியுதா, இல்லை. கடுகின் வேர் தொட்டது, தெரிந்தது.

கதவு தடதடத்தது. “எக்கா! உள்ள என்ன, தாளிச்சு முடிச்சாச்சா? மஞ்ச நைட்டி ஊடால நொழஞ்சுட்டா, நான் சண்ட போட்டு எடத்த வாங்கி வச்சிருக்கேன். நம்ம முறை வந்துட்டு!”

செண்பகவல்லி தாழ்ப்பாளைத் திறந்து உள்ளங்கையை நீட்டினாள். மெஹராஜ் குனிந்து பார்த்தாள், மூட்டையைப் பார்த்தாள், செண்பகவல்லியின் முகத்தைப் பார்த்தாள். “அல்லாவே” என்றாள். “தோட்டமே போட்டுட்டீகளே!” பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். செண்பகவல்லிக்குச் சிரிப்பு வயிற்றில் இருந்து கிளம்பி, நடுவில் அழுகையாக மாறி, மறுபடி சிரிப்பாகி வெளியே வந்தது. மெஹராஜ் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பனியன் நாளைக்கு முளைத்தால் மச்சான் ரெண்டு பேர் ஆகிவிடுவார் என்று அவள் சொன்னதற்கு இருவரும் கதவில் சாய்ந்துவிட்டார்கள். மூட்டையை ஈரத்துண்டில் பதமாகச் சுற்றி, பையின் மேலாக, மூச்சு முட்டாத இடத்தில் வைத்தாள். உள்பாடியையும் அதன் பக்கத்தில் வைத்தாள். நைட்டி மட்டும் போதும்.

பாறையில் நடக்கும்போது இடப்பக்கம் துணி தொளதொளவென்று காற்றில் ஆடியது. யாராவது பார்த்திருப்பார்கள். மேகம் இருந்தது, பார்க்காமலும் இருந்திருக்கலாம். கம்பிக்கு இந்தப் பக்கம் பெனிட்டா நின்றாள். அவளைத் தாண்டும்போது செண்பகவல்லி நின்று, “திங்கக்கிழம நானும் கூட வாரேன் பரிசோதனைக்கு. டாக்டர்ட்ட ஒண்ணு சொல்லணும், எனக்கு அங்கன ஏதோ தெரியுது” என்றாள். பெனிட்டாவின் முகம் ஒரு நொடி மாறத்தான் செய்தது. அந்த நொடி போன பிறகு அவள் கண் செண்பகவல்லியின் நெஞ்சுக்கு வந்து, உடனே விலகாமல், அங்கேயே நின்றது. “என்ன தெரியுதுன்னு தண்ணிக்குள்ள நின்னு பாத்துட்டு வந்து சொல்லுங்கம்மா” என்றாள்.

தண்ணீர் தலையில் விழுந்தபோது அவள் கத்தினாள். அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. பிறகு குளிர் என்று ஒன்று இல்லை, கனம் மட்டும் இருந்தது, ஆயிரம் கைகள் ஒரே நேரத்தில் அளவெடுக்கிற மாதிரி. ஒரு பக்கம் மெஹராஜ் கம்பியைப் பிடித்துக்கொண்டு எதையோ பாடினாள், வாய் மட்டும் அசைந்தது. செண்பகவல்லி கண்ணை மூடிக்கொண்டு பாதத்தில் இருந்து தொடங்கினாள். எல்லாரும் சொன்னார்கள், இடது பாதம்கூட உடனே சொன்னது. வலது தோள் வந்ததும் அவள் நின்றாள். ரொம்ப நாள் வராமல் இருந்து வந்த பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தால் டீச்சர் உரக்கக் கூப்பிட மாட்டாள். அவள் ஒரு அடி முன்னால் வந்து, இடது நெஞ்சைத் தண்ணீருக்குக் கொடுத்து, அந்தப் பெயரை முதல் தடவையாக மெதுவாகக் கூப்பிட்டாள். ஒன்றும் இல்லை. கல்லில் விழுகிற மாதிரி விழுந்தது. விசில் ஊதினார்கள். யாரோ முழங்கையை இடித்தார்கள். அவள் நகரவில்லை, காத்திருந்தாள், மறுபடியும் கூப்பிட்டாள்.

அருவி இரைச்சலில் பதில் காதுக்குக் கேட்கவில்லை. எறும்பு ஊர்ந்தது.